சித்திரை இரண்டில் மூழ்கிய கப்பல்

நாட்காட்டியில் கெட்டது எதுவும் நடக்காத நாள் என்று ஒன்றுகூடக் கிடையாது. முந்நூற்று அறுபத்தாறு நாட்களையும் புரட்டிப் பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம். இந்த உண்மையை எந்த இடத்தில் சொல்லக் கூடாதோ, அங்கே போய்ச் சொன்னவனும் நான்தான்.

சங்ககிரியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு பதிவு போடுவேன். குழுவில் என்னையும் அம்மாவையும் தவிர நாற்பது பேர். ஒருவரும் படிப்பதில்லை. (சித்தப்பா மட்டும் கைகூப்பும் படம் போடுவார். இழவுச் செய்திக்கும் அவர் அதையேதான் போடுவார்.)

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. எங்கள் பக்கத்தில் பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். பதினேழு வீடுகளிலிருந்து ஜாதகம் திரும்பி வந்துவிட்டது. பதினெட்டாவதாக எருமப்பட்டியில் கோகிலா அமைந்தாள். நாமக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பெண் பார்க்கப் போன அன்று என்ன பேசுவதென்று தெரியாமல் பிறந்த தேதியைக் கேட்டேன். ஜூலை இருபது என்றாள்.

"மனுசன் மொதமொதல்ல நெலாவுல கால் வெச்ச நாளுங்க அது."

"அப்புடிங்களா? இத்தன வருசமா ஆருமே சொல்லலீங்களே!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் நான் விழுந்துவிட்டேன். என் வரலாற்றறிவு பலித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் உப்புச்சர்க்கரை மாற்ற எருமப்பட்டி போனோம். (இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு மாப்பிள்ளை என்ன உளறினாலும் பெண் வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். என் உளறல் அதற்குப் பத்து நிமிடம் முந்திக்கொண்டது.) முதலில் கல்யாணத் தேதி குறித்தார்கள். ஜோசியர் சித்திரை இரண்டு, ஏப்ரல் பதினைந்து என்றார். எல்லோருக்கும் சம்மதம். அந்த வீட்டில் கோகிலாவின் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் ஒரு மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் மாப்ள, உங்களுக்குத் தோதுப்படுங்களா?"

'தோதுப்படுங்க மாமா' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் கோகிலாவின் சேலை தெரிந்தது. இன்னொரு தடவை அவளைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"பேர்பெத்த நாளுங்க மாமா! அன்னைக்குத்தான் அந்தப் பெரிய கப்பலு பனிப்பாறையில மோதி முழுகுச்சுங்க."

கூடத்தில் மிக்சர் மெல்லும் சத்தம் நின்றது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளினால் நிறுத்துகிற ஆளா நான்? சமாளித்துவிடலாம் என்று அதே தேதியில் நடந்த வேறு ஏதாவது ஒன்றை மனதுக்குள் அவசரமாகத் தேடினேன்.

"கப்பலு மட்டுமில்லீங்க. அமெரிக்க ஜனாதிபதி ஒருத்தரு குண்டடி பட்டுச் செத்ததும் அன்னைக்குத்தானுங்க. பாரிசுல பழைய தேவாலயம் தீப்புடிச்சதும்..."

"சாமி, வாய மூடு" என்றாள் அம்மா.

"நல்லதும் இருக்குதும்மா! ஒலகத்துலயே பெரிய ஓவியரு ஒருத்தரு பொறந்த நாளும்மா!"

பெரியப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அவருக்குக் குடும்பங் குட்டியெல்லாம் எப்புடிங்க?"

எட்டுப் பிள்ளைகள் என்று அடித்துவிட்டிருக்கலாம். எருமப்பட்டியிலிருந்து யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் வரலாற்றுக்குத் துரோகம் செய்ய மனம் வரவில்லை.

"அவரு கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலீங்க மாமா."

ஜோசியர் தானாகவே பக்கத்தைப் புரட்டி, ஏப்ரல் இருபத்தாறு என்றார். பெரியப்பா இந்தத் தடவை அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு என்ன ஆச்சுங் மாப்ள?"

"ரஷ்யாப் பக்கம் அணு உலை வெடிச்சுதுங்க."

"மே ஆறு?"

"ஆகாயக் கப்பலு எரிஞ்சு வுழுந்துதுங்க."

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "கோவிச்சுக்காதீங்க. எங்க புள்ளைக்கு இன்னுங் கொஞ்ச நாள் போகட்டுங்க." நான் கதவுப் பக்கம் பார்த்தேன். சேலை தெரியவில்லை.

கொண்டுபோன உப்பும் சர்க்கரையும் எங்களோடே காரில் திரும்பி வந்தன. அந்தச் சர்க்கரை தீரும் வரை அம்மா காப்பி மட்டும் கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போய் அழுதேன். கடையில் அழுவது சுலபம், கிரீஸ் கையால் கண்ணைத் தொட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதே ஏப்ரல் பதினைந்தில் கோகிலாவுக்கும் ஜேடர்பாளையத்து மாப்பிள்ளை ஒருவருக்கும் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. குற்றம் நாளில் இல்லை, ஆளில்தான் என்று பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு குழந்தைகளாம். நன்றாக இருக்கிறார்களாம்.

எனக்கு இப்போது முப்பத்தெட்டு. இன்னும் தினமும் பதிவு போடுகிறேன், ஜூலை இருபது தவிர. ஆனால் ஏப்ரல் பதினைந்தன்று என்னை முந்திக்கொண்டு குழுவில் அம்மாவின் குரல்பதிவு வந்துவிடும்: "வரலாற்றில் இன்னைக்கு. கப்பலு முழுகுச்சு. ஜனாதிபதி செத்தாரு. பாரிசுல கோயில் எரிஞ்சுது. எருமப்பட்டிப் புள்ளைக்கு வேற எடத்துல கல்யாணம் ஆச்சு."

அதை நாற்பது பேரும் கேட்கிறார்கள். முப்பத்தொன்பது பேர் சிரிக்கிற படம் போடுகிறார்கள். சித்தப்பா மட்டும் கைகூப்புகிறார்.