மெதுவா நைனாவும் ஒரு துண்டு சுண்ணாம்புக்கல்லும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மனிதர்கள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்களோ, அத்தனைக்கும் முன்கூட்டியே பயந்து முடித்தவர் எங்கள் மெதுவா நைனா.

ஆசிட் கலக்கும் எங்கள் கம்பெனியின் லேபில் அவர்தான் சீனியர். பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறைக்குள் எரிவாயு அடைபட்டுக் கிடக்கும். கிணற்றில் ஆசிட்டை இறக்கினால் பாறை நுரைத்துக் கரைந்து வாயுவுக்கு வழிவிடும். ஆனால் ஆசிட்டுக்கு அவசரம் ஜாஸ்தி. பாறையின் வாசலிலேயே தின்று தீர்த்துவிட்டு, உள்ளே போவதற்குள் வீரியத்தை இழந்துவிடும். அதைக் கெட்டியாக்கி நிதானப்படுத்தும் மருந்தைச் சேர்ப்பது நைனாவின் வேலை. சேர்க்கும்போது குடுவையிடமே "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சுவார். பெயர் ஒட்டிக்கொண்டது.

வெளியிலும் அதே கதைதான். புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிகளுக்குக் கை நீட்டி "மெதுவா!" என்பார். லாரி ஆந்திர எல்லையில் தடா ஊரையே தாண்டியிருக்கும், இவர் கை இறங்கியிருக்காது. மேனேஜர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் போட்ட கூத்து இருக்கிறதே!

"அய்யய்யோ, மார்பிள் தரை! அதுவும் சுண்ணாம்புதாம்மா. எலுமிச்ச ஜூஸ் கொட்னா அரிச்சுடும்!" என்று விருந்தாளிகளின் டம்ளர்களை எல்லாம் பிடுங்கித் தானே குடித்தார். பந்தியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் வந்தது அந்தச் சோதனை நாள். எரிவாயுக் கிணற்றுக்காரர்கள் தங்கள் பாறையில் வெட்டிய ஒரே ஒரு துண்டோடு வந்திருந்தார்கள். எங்கள் ஆசிட் அதன் முகத்தை அரிக்காமல், ஊசி போல் துளைத்து மறுபக்கம் வர வேண்டும். வராவிட்டால் ஆர்டர் போச்சு. லேபில் கடைசியாகச் சேர்ந்த என் வேலையும் போச்சு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பம்ப் ஓடியது. மறுபக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை. நைனா என்னை மூலைக்கு இழுத்தார்.

"பேஜாரா பூடுச்சும்மா. மருந்த ரெண்டு தபா ஊத்திட்டேன். கூழாட்டம் கெட்டியா நிக்குது."

"ஏன் நைனா?"

"உன் வேல போய்டுமோன்னு பயந்துகினே ஊத்துனேன். ஊத்துனனா இல்லியான்னு டவுட்டு. இன்னொரு தபா ஊத்திட்டேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கிணற்றுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். நைனா பாய்ந்து கதவை மறித்தார்.

"மெதுவா போலாம் சார்! நாஷ்டா துன்னுட்டுப் போங்க!"

கேன்டீன் வடை மொத்தமும் வந்திறங்கியது. அவர்களுக்கு "மெதுவா சாப்டுங்க சார்", கல்லைப் பார்த்து "சீக்கிரம் போய்த் தொலையேன்!" என்று இரண்டு பக்கமும் ஓடினார். கடைசி வடையின்போது மறுபக்கம் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கல்லை எடுத்தால், முகம் அப்படியே இருக்க, நடுவில் அழகாக ஒரு துளை.

என் வேலை பிழைத்தது. இன்றும் அதே லேப்தான். ஓய்வு பெற்றுக் கவரைப்பேட்டையில் இருக்கும் நைனா, நான் ரயிலேறும் நேரத்தில் தினமும் போன் செய்கிறார்.

"பத்ரமா ஏறிக்கினியாம்மா?"

ஏறிவிட்டேன் என்றால் வைத்துவிடுவார். சற்று நேரத்தில் மறுபடியும் மணி அடிக்கும்.

"கேட்டனா இல்லியான்னு டவுட்டும்மா."

அந்த இரண்டாவது போன் வரும்வரை நான் மொபைலைப் பைக்குள் வைப்பதில்லை.