நட்பு, காலந்தோறும்

மூன்றாவது பெட்டியைத் திறந்தபோதுதான் நூலகருக்கு வியர்த்தது. முதல் இரண்டு பெட்டிகளில் இருந்ததைத் தற்செயல் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார். மூன்றாவதிலும் அதேதான் இருந்தது.

எல்லாமே ஆணை ஆண் காதலித்த புத்தகங்கள். செத்த தோழனை மடியில் கிடத்திப் படைவீரன் ஒருவன் பாடிய மிகப் பழைய ஒப்பாரியில் தொடங்கின. பிறகு அரசவைக் கவிஞன் ஒருவன் மதுக்கோப்பை ஏந்தி வருகிறவனைப் பார்த்து உருகிய பாட்டுகள், துறவி இன்னொரு துறவிக்கு எழுதிய கவிதைகள், காதலித்த குற்றத்துக்குச் சிறைக்குப் போனவனின் நாவல். கடைசியாக, போன வருஷம் வந்த ஒரு கல்யாணக் கதை. அத்தனைக்கும் ஒரே பச்சைத் துணி மேலட்டை, முதுகின் உச்சியில் சிவப்பு நூல் தையல். பெற்ற பிள்ளையைக்கூட இப்படி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர் குடுத்திருக்கார்," என்றார் இயக்குநர் மேடம். புதிதாக வந்தவர், எதற்கும் பயப்படாத வயசு. "ஒரே நிபந்தனைதான். கண்காட்சியா வைக்கணும். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் அது என்னன்னு உள்ளது உள்ளபடி குறிப்பு எழுதணும். எழுதலைன்னா எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்குவாராம். குறிப்பு நீங்கதான் எழுதறீங்க."

"நான் எதுக்கு மேடம்?"

"இதையெல்லாம் இங்க வேற யாரு படிச்சிருக்கா?"

அதுதானே பிரச்சினை. நூலகர் இதில் பாதியை மனப்பாடமாகச் சொல்வார். 'இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒருவன் கேட்டால் போதும், கட்டிக்காத்த மானம் காற்றில் போய்விடும்.

பெட்டி தூக்கி வந்த வாட்ச்மேன் ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் கடை வேலைன்னு எனக்குத் தெரியும் சார். இந்தச் சிவப்பு நூலு இருக்கே..."

"கேட்டுல ஆள் இல்ல பாருங்க," என்று நூலகர் அவர் வாயை அடைத்தார்.

நூலகருக்கு மனைவி மக்கள் கிடையாது. மாடி அறையில் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார் என்பது ஊரறிந்த விஷயம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த மாடி அறைக் கட்டிலில் விரிப்பு விரிப்பது நூலகரின் அக்கா வந்து தங்கும்போது மட்டும்தான். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி மாடிக்காரருக்கு ஒரு சின்னக் கடை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நூலகர் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. பால் வாங்குவதற்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

"ஓனர் சார், காபி," என்றார் மாடிக்காரர் மறுநாள் காலையில். இது அவர்களுக்குள் பழைய கேலி. சமீபகாலமாக இரண்டு பேருக்குமே சிரிப்பு வருவதில்லை.

போன மாதம் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே மாடிக்காரர் சொல்லியிருந்தார்: "நாளைக்கே நான் செத்தா நீ யாரா நின்னு அழுவ? ஓனராவா? மாடிக்காரனாவே சாக எனக்கு இஷ்டமில்ல. ஒரு எடத்துல, ஒரே ஒரு தடவை, உள்ளதச் சொல்லு. இல்லன்னா நான் கிளம்பறேன்." கத்தியிருந்தால் நூலகர் பயந்திருக்க மாட்டார். சட்டையின் கையைச் சரியாக மடித்துவிட்டுச் சொன்னதில்தான் பயமே வந்தது. இந்த ஆள் போய்விட்டால் அந்த வீட்டில் தனக்கு ஒன்றுமே இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

"ஏதோ கண்காட்சியாமே. குறிப்பு எழுதியாச்சா?" என்று மாடிக்காரர் விரல் நகத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"எழுதறேன்."

"என்னன்னு?"

"உள்ளத எழுதறேன். போதுமா?"

அன்றைக்கு உண்மையிலேயே எழுதினார். 'காதலனைப் பறிகொடுத்த வீரனின் ஒப்பாரி' என்று எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது வேறு யாரோ தன் கையெழுத்தில் எழுதிய மாதிரி இருந்தது. 'காதலனை' என்பதை அடித்து 'நண்பனை' என்று மாற்றினார். ஒன்றை மாற்றியதும் மற்றவை பல்லை இளித்தன. எல்லாவற்றையும் மாற்றினார்.

மேடம் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சார், இந்தக் கவிஞர் கோப்பை ஏந்தறவனோட உதட்டைப் பத்தியே பத்துப் பாட்டு எழுதியிருக்கார்."

"அது கடவுள் மேடம். உருவகம்."

"உதடு?"

"கடவுளுக்கும் உதடு உண்டு."

"துறவியோடதுக்கு குருபக்தின்னு போட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே வயசு."

"பக்திக்கு ஏது வயசு?"

"சரி, இந்தக் கல்யாணக் கதை? கடைசிப் பக்கத்துல ரெண்டு மாப்பிள்ளையும் பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போடறாங்க."

"ஒருத்தர் சாட்சியா இருக்கலாம்."

மேடம் பேனாவை மூடினார். "குடுத்தவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவர் எங்க வந்து பார்க்கப்போறார்?" என்றார் நூலகர். இரண்டாயிரம், மூவாயிரம் வருஷமாக உரை எழுதியவர்கள் அத்தனை பேரும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். இவருக்காவது சம்பளத்தோடு பென்ஷனும் உண்டு.

குறிப்புகள் மாறியதும் தலைப்பு உதைத்தது. 'ஆணும் ஆணும்: காதல் இலக்கியம், காலந்தோறும்' என்று இருந்ததை, மேடம் லீவில் போன நாளாகப் பார்த்து, 'நட்பு, காலந்தோறும்' என்று மாற்றிப் பேனரும் அடித்தாயிற்று. வந்தது வினை. பழைய தலைப்பு என்றால் நூலகக் கமிட்டித் தலைவர் தலைவலி என்று சொல்லி வீட்டோடு இருந்திருப்பார். நட்பு என்றதும் போன் போட்டுவிட்டார்.

"பிரமாதம்ங்க. திறப்பு விழாவுக்கு நானே வரேன். மேடையில ஒரு நிஜமான நட்பையும் கௌரவிச்சிடுவோம். உங்க மாடியில ஒருத்தர் இருக்காரே, எத்தனையோ வருஷமா? நீங்க ரெண்டு பேரும்தான்."

நூலகர் அவசரமாக மறுத்தார். "ஐயா, அவர் நண்பரெல்லாம் இல்ல. அதோட, அவர் ஊர்ல இல்ல. எப்ப வருவார்னு தெரியாது."

போனை வைத்துவிட்டு, வீட்டில் மாடிக்காரரிடம் விழா இரண்டு நாள் தள்ளிப்போய்விட்டது என்று சொன்னார். மாடிக்காரர் "அப்படியா?" என்று மட்டும் கேட்டார்.

விழா சொன்ன நாளிலேயே நடந்தது. நூலகர் மேடையில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தார். கடைசி வரிசையில், தேய்த்த வெள்ளைச் சட்டையில், மாடிக்காரர். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி.

தலைவருக்குப் பார்வை கூர்மை. "அடடே, ஊர்ல இல்லாதவர் வந்துட்டாரே," என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் சிரித்தது. "எழுந்திருங்க சார். எல்லாரும் பார்க்கட்டும்." மாடிக்காரர் எழுந்து நின்றார். தலைவர் மைக்கை நூலகரின் மூக்குக்குக் கீழே நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. இவர் உங்களுக்கு யாரு?"

ஒரு இடம், ஒரே ஒரு தடவை. அதற்கு இதைவிட நல்ல மைக் கிடைக்காது. நூலகர் வாயைத் திறந்தார். முன்வரிசையில் அக்காவும் உட்கார்ந்திருந்தார்.

"டெனன்ட்," என்றார். தன் குரல் ஸ்பீக்கரில் அவருக்கே திரும்பக் கேட்டது. "வெறும் டெனன்ட்தான். மாசம் பொறந்தா வாடகை குடுப்பார். மத்தபடி பேச்சுவார்த்தைகூட அதிகம் இல்ல."

"அப்படியா சார்?" என்று தலைவர் ஏமாற்றத்தோடு கடைசி வரிசையைக் கேட்டார்.

"ஓனர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் மாடிக்காரர். மெதுவாக உட்கார்ந்தார்.

வாங்கி வந்த பூங்கொத்தை வீணாக்க மனசில்லாமல், தலைவர் தன் பழைய வியாபாரக் கூட்டாளியை மேடைக்கு அழைத்துத் தனக்கும் அவருக்குமாகக் கொடுத்துக்கொண்டார். பிறகு நட்பைப் பற்றி நீளமாகப் பேசினார். அந்த நேரம் முழுவதும், கூடத்துக் கண்ணாடிப் பெட்டிகளின் ஓரமாக ஒரு வெள்ளைச் சட்டை நின்று நின்று நகர்வது நூலகருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு குறிப்பையும் முழுசாகப் படிக்கிற ஒரே ஆள். தலைவர் முடித்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "பேச்சுவார்த்தை இல்லாத ஆளை எதுக்கு இத்தனை வருஷம் வெச்சிருக்க? காலி பண்ணச் சொல்லு." நூலகர் தலையை ஆட்டினார்.

அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாவது சமாதானப்படுத்திவிடலாம். இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை சமாதானம் ஆனதில்லை? அடுத்த மாதம் இரண்டு பேருமாக ரயிலேறி எங்கேயாவது போகலாம், தனித்தனிப் பெட்டியிலேயாவது. பெட்டி ஒன்றானால்கூடப் பரவாயில்லை என்று தைரியமாக நினைத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார்.

கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே ஒரு புத்தகம்கூட இல்லை. அவர் எழுதிய குறிப்புகள் மட்டும் வரிசை கலையாமல் இருந்தன. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"யார்யா எடுத்தது? யாரைக் கேட்டு எடுத்தாங்க?" என்று நூலகர் வாட்ச்மேனிடம் பாய்ந்தார்.

வாட்ச்மேன் சட்டைப்பையிலிருந்து சிவப்பு நூல் கட்டிய ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"குடுத்தவரேதான் சார் எடுத்துட்டுப் போனார், நம்ம பைண்டிங் கடைக்காரர், இந்த வீட்டுச் சாவியை ஓனர்கிட்ட சேர்த்துடச் சொன்னார்."