எடமிருக்கு பாயும் ஏழு சிலைகளும்

இந்த உலகத்தில் எந்த இடமும் முழுசாக நிரம்பியதே இல்லை என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஊர்ப் பூங்கா வாட்ச்மேன்தான். கல்யாண வீட்டு முதல் பந்தி, தேனி போகும் காலை பஸ், அரசு ஆஸ்பத்திரி வராண்டா என்று எதைக் காட்டினாலும் ஒரு கண்ணைச் சுருக்கி அளந்துவிட்டு, "எடமிருக்கு" என்பார். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்கும் வாக்காளர் அட்டைக்கும் மட்டுமே தெரியும். ஊருக்கு அவர் எடமிருக்கு பாய்.

இந்த வியாதி அவருக்கு ஜீப் ஸ்டாண்டில் தொற்றியது. கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே ஜீப்கள் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரளா மலைக்குக் கிளம்பிவிடும். அந்த ஜீப்களை நிரப்பி அனுப்புவதுதான் பாயின் உத்தியோகம். ஜீப் செய்த கம்பெனிக்காரன் மொத்த வண்டிக்கும் போட்ட ஆள் கணக்கை பாய் முன் சீட்டிலேயே முடித்துவிடுவார். டிரைவரின் பாதி உடம்பு வெளியே தொங்கினால்தான் வண்டி சரியாக நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

"ஆத்தா, ஒங்க முழங்கால இந்த அக்கா முழங்காலுக்கு நடுவுல விடுங்க. அக்கா, தூக்குச்சட்டிய மடியில வைங்க. கொறச்சு தள்ளுங்க, கொறச்சு. பாத்தீகளா? எடமிருக்கு!"

அந்த 'கொறச்சு' மலையாளம். 'கொஞ்சம்' என்று அர்த்தம். எல்லை தாண்டிப் போய்வந்த ஏதோ ஒரு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி அவர் வாய்க்கு வந்து சேர்ந்த சொல்.

வயசாகி இடுப்பு மக்கர் செய்ததும் பூங்காவில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அது சாதாரணப் பூங்கா இல்லை, போர்டிலேயே 'சிற்பப் பூங்கா' என்று போட்டிருக்கும். உள்ளே புல்தரை, சிமெண்ட் பெஞ்சுகள், ஏழு சிலைகள். யானை, புலி, மான், ஒரு நடனப் பெண், ஏர் பிடிக்கும் விவசாயி, அவர் முன்னால் ஒற்றை மாடு, அப்புறம் ஒரு டைனோசர். ஏருக்கு ரெண்டு மாடு வேண்டாமா என்று கேட்காதீர்கள். டைனோசர் செய்து முடித்தபோது சிமெண்ட் தீர்ந்துவிட்டதாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பாய் பூங்காவை ஜீப்பாக்கிவிட்டார். ஒரு பெஞ்சில் நிச்சயம் முடிந்த ஜோடி ஒன்று, ஊர் பேசிவிடக் கூடாதே என்று நடுவில் நாகரிகமாக இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தது. பாய்க்கு அந்த இடைவெளி கண்ணில் விழுந்த தூசி. நேராகப் போய் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்தார்.

"சார் நிக்கிறாக, நீங்க என்ன நடுவுல எடத்தப் போட்டு வச்சிருக்கீக? கொறச்சு தள்ளுங்க."

வாத்தியார் அந்த ஜோடிக்கு வட்டிக் கணக்கு முழுவதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். அவர்கள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. அடுத்து பாயின் பார்வை புல்தரை மேல் விழுந்தது.

"இம்புட்டு எடம் சும்மா கெடக்கே!" என்று சுண்டல் அக்காவிடம் ஆதங்கப்பட்டார். அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் சுண்டல் விற்பவர், வாயும் சுண்டல் மாதிரிதான், காரம் தூக்கல்.

"புல்லு இருக்குல்ல பாய்?"

"புல்லு தரையில படுத்துக் கெடக்கும்மா. மேல பூரா காலி."

பெரியகுளத்தில் மாங்கன்று வாங்கிவந்த ஒருவர், தோட்டத்தில் வைத்ததுபோக மிஞ்சிய ஒன்றைப் பாயிடம் கொடுத்தார். அது புல்தரையில் ஏறியது. விஷயம் பரவியது. பிள்ளை பிறந்தால் ஒரு கன்று, பரீட்சை பாஸானால் ஒரு கன்று, சண்டை போட்டுப் போன மாப்பிள்ளை திரும்பி வந்தால் ஒரு கன்று என்று ஊரே கொண்டுவந்து நீட்டியது. பலா, நெல்லி, புங்கை, மருதம், கொடுக்காப்புளி. பாய் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஒருவர் ஏலச்செடியைக் கொண்டுவந்தார். இந்த வெயிலுக்கு அது தாங்காது என்று எல்லாரும் சொன்னோம். தாங்கவில்லை. "பாவம், மலையேறிப் போயிருச்சு" என்றார் பாய். மறுநாளே அந்தக் குழியில் ஒரு கொய்யா.

நான் அப்போது பி.இ. முடித்துவிட்டு, வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காக அந்தப் பூங்காவில் உட்கார்ந்து அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, சும்மாதான ஒக்காந்திருக்க?"

"படிக்கிறேன் பாய்."

"கண்ணுதான படிக்கிது? கை சும்மாதான கெடக்கு? கடப்பாறைய எடு."

இப்படித்தான் என் பேரில் ஒரு நாவல் மரம் வந்தது. நான் பாஸாகவில்லை. மரம் முதல் முயற்சியிலேயே தளிர்த்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அதுக்கிட்டயாவது கத்துக்கடா" என்றார்.

சில வருஷத்தில் பூங்கா காடாகிவிட்டது. சாயங்காலம் பச்சைக்கிளிகள் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெயில் நேரத்தில் மார்க்கெட்டுக்கு வந்த பெண்கள் முந்தானையை விரித்துப் படுத்துவிடுவார்கள். எல்லாம் சரி, சிலைகள்தான் காணாமல் போய்விட்டன. நடனப் பெண்ணின் நீட்டிய கைக்கு நேராக ஒரு பலாக்காய் தொங்க, அவர் அதை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதுபோல இருந்தார். டைனோசர் கழுத்தில் திராட்சைக் கொடி ஏறி அது மாலை போட்ட மாப்பிள்ளையானது. புலி வாழைக்குப் பின்னால் மறைந்துபோய், இலை பறிக்க வந்த ஒரு அம்மாவை அலறி ஓடவைத்தது.

அந்த நேரத்தில்தான் புது அதிகாரி மேடம் வந்தார். சென்னைப் பக்கம். நல்லவர், ஆனால் கையில் வரைபடம் இருந்தது. போர்டைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார்.

"சிற்பப் பூங்கான்னு போட்டிருக்கு. சிற்பம் எங்கே?"

"உள்ள இருக்கு மேடம். வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று ஆர்வமாகக் கிளம்பினார் பாய்.

அதுதான் தப்பாகிவிட்டது. மானைக் கண்டுபிடிப்பதற்குள் மேடத்தின் துப்பட்டா கொடுக்காப்புளி முள்ளில் ரெண்டு தடவை மாட்டிக்கொண்டது. வெளியே வந்ததும் தெளிவாகச் சொன்னார். திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அதற்குள் சிலைகள் கேட்டிலிருந்தே தெரிய வேண்டும். வரைபடத்தில் இல்லாத மரங்களை எல்லாம் சனிக்கிழமை வெட்டி எடுத்துவிடப்போகிறார்கள்.

வரைபடத்தில் இருந்தது ஒரே ஒரு வேம்பு.

பாய் அன்றைக்கு யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. ஒவ்வொரு மரமாகப் போய் நின்றார், ஜீப்பிலிருந்து எல்லாரையும் இறக்கிவிடச் சொன்ன மாதிரி. "இது யாரு வீட்டுது, அது யாரு வீட்டுது" என்று தனக்குள் முணுமுணுத்தார். சுண்டல் அக்கா கொடுத்த பொட்டலத்தைக்கூட வாங்கவில்லை. அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. "ஏலே, போயி பேச்சுக் குடுடா, மனுசன் ஒரு மாதிரி இருக்காக."

நான் போவதற்குள், சாயங்காலம் அந்த வழியாக வந்த மேடத்தின் காரைப் பாய் விறுவிறுவென்று போய் மறித்துவிட்டார்.

"மேடம், செலை தெரிஞ்சாப் போதுமா?"

"போதும். அதுக்குத்தானே மரத்தை எடுக்கச் சொல்றேன்."

"செலை நின்ன எடத்துலதான் நிக்கணும்னு ஏதும் இருக்கா?"

மேடம் வரைபடத்தைப் புரட்டினார். "அது எங்க நின்னா என்ன? வர்றவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டயம் குடுங்க. தெரியலேன்னா மொத மரத்த நானே வெட்டுறேன்."

மேடம் வரைபடத்தை மடித்தார். "சரி, ஞாயிறு வரைக்கும்" என்றார்.

ஞாயிறு காலை ஜீப் ஸ்டாண்டே பூங்காவில் இறங்கியது. வாழைத்தார் ஏற்றும் லோடுமேன்கள் கயிற்றோடும் இரும்புக் குழாய்களோடும் வந்தார்கள். குழாய்களை அடியில் போட்டு உருட்டி, மரங்களுக்கு நடுவே வளைத்து வளைத்து, சிலைகளைக் கேட் பக்கம் இழுத்தோம். யானைதான் அசையவில்லை. நல்லவேளையாக அது ஏற்கனவே கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அதன் பின்னால் மூன்று ஆள் படுக்கிற அளவுக்கு இடம்.

"இதுல ஆறு செலையா? பாய், வெளாடாதீக" என்றார் ஒரு டிரைவர்.

பாய் ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"எடமிருக்கு. யானதான் டிரைவரு. புலிய முன்னாடி ஏத்து. மான அது தோள்ல சாய்ங்க, வேல முடிஞ்சு வர்ற பிள்ள தூங்குற மாதிரி. ஏலே, சம்சாரியோட கலப்பைய மாட்டுக்கால் நடுவுல விடு. ஆட்டக்கார அம்மா கை வெளிய நீட்டுது, திருப்பி நிறுத்து, எதுக்க வர்ற வண்டி அடிச்சிரும்."

"டைனோசரு?"

"கேரியர்ல போடு."

சாயங்காலம் பார்த்தால், சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அது மலையேறும் ஜீப்பேதான். டைனோசர் மட்டும் பின்னாலிருந்து கழுத்தை நீட்டி எல்லார் தலைக்கும் மேலே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மேடம் வந்து இறங்கி, சிலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே அத்தனை மரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி எனக்குப் பட்டது. அப்போது வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு ஜீப் ரோட்டில் பிரேக் போட்டது. உள்ளேயிருந்து ஒரு அம்மா கத்தினார்.

"ஏய், அந்த மானப் பாருங்கடீ! நம்ம செல்வி மாதிரியே வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குது!"

ஜீப்பே குலுங்கியது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். தோள் ஆடியதில் தெரிந்தது, சிரிக்கிறார்.

ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி யானையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வித்தியாசமா இருக்கே! என்ன தீம் இது?"

மேடம் கண் இமைக்காமல் சொன்னார்: "உள்ளூர்ப் போக்குவரத்து, சார்."

"அருமை. பின்னாடி மரமெல்லாம்?"

"பயணிகள் நிழல்ல எறங்கணும்ல, சார்."

பெரியவர் புலிக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மரத்திலும் கத்தி படவில்லை. அன்று இருட்டுவதற்குள்ளேயே, சிலைகள் காலி செய்த ஆறு இடத்திலும் பாய் கன்று வைத்துவிட்டார்.

ரெண்டு வருஷம் கழித்து மேடத்துக்கு மாறுதல் வந்தது. கிளம்புகிற அன்று கேட்டில் காரை நிறுத்தினார். கையில் ஒரு மகிழங்கன்று.

"பாய், எனக்கு எடமிருக்கா?"

பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பூங்காவை ஒரு சுற்று அளந்தார். இன்னொரு சுற்று. நானும் பார்த்தேன், நிஜமாகவே ஓர் அங்குலம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த மனிதர் 'இல்லை' என்று சொல்லப்போகிறார் என்று சுண்டல் அக்காகூட எழுந்து நின்றுவிட்டார். பாய் கேட்டுக்குத் திரும்பி வந்தார். தன் நாற்காலியைத் தூக்கி ரோட்டோரம் வைத்தார். அது நின்ற இடத்தில் கடப்பாறையை இறக்கினார்.

"இருக்கு மேடம்."

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன். லீவுக்கு வந்தால் நேராகப் பூங்காவுக்குத்தான். மகிழமரம் பாயின் உயரத்தைத் தாண்டிவிட்டது. பாய்க்கென்று நாற்காலி கிடையாது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாகச் சுற்றுகிறார். அவர் எந்தப் பெஞ்சுப் பக்கம் வந்தாலும் சரி, அது எவ்வளவு நிரம்பியிருந்தாலும் சரி, நாங்கள் எல்லாரும் கொறச்சு தள்ளி உட்காருகிறோம்.

"வாங்க பாய். எடமிருக்கு."