ஐந்து பட்டன் தேவைப்பட்ட கோட்டு

கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் நீங்களும் நானும் என்ன பார்ப்போம்? பிடித்திருக்கிறதா, விலை கட்டுமா, அவ்வளவுதான். ஆனால் ஒருவர் அதைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்கிறார், நகத்தால் தட்டுகிறார், கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தடவுகிறார், கடைக்காரரிடம் "இது ஸ்க்ரூவா, பசையா?" என்று ரகசியம்போலக் கேட்கிறார், பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பி, "இதை எதுக்கு வாங்கணும்? நாமளே செஞ்சிடலாமே!" என்கிறார் என்று வையுங்கள். சந்தேகமே வேண்டாம். அவர்தான் நாமே-செய்வார்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு, எல்லாத் தெருவிலும் உண்டு. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தலையை விட்டுக் கால்கள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று ஆராய்வது இவர்தான். எந்நேரமும் சட்டைப் பையில் அளவு நாடா இருக்கும். வீட்டில் இவர் செய்த செருப்பு அலமாரி ஒன்று இருக்கும், அதில் செருப்பைத் தவிர மற்றதெல்லாம் வைக்கலாம். இவர் செய்த முக்காலியும் ஒன்று இருக்கும், அதில் இவர் மட்டும்தான் உட்காருவார், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு. கேட்டால், "அது சும்மா ட்ரையல். அடுத்தது சரியா வரும்" என்பார். அடுத்தது எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!

எனக்குத் தெரிந்த நாமே-செய்வார் ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். உடைந்த பிரேமைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் மனுஷன் கொதித்துப் போவார். "இதெல்லாம் வீட்டில் செய்யற வேலையாங்க? அவங்கவங்க வேலையை அவங்கவங்கதான் செய்யணும்!" என்று பத்து நிமிடம் பாடம் எடுப்பார். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் ஒழுகுகிற குழாயைத் தானே கழற்றுவார்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி, மகளுக்காக ஒரு நீலக் கம்பளிக் கோட்டு தைக்க ஆரம்பித்தார். மகளுக்கு வேலை கிடைத்திருந்தது, முதல் வேலை. குளிர்காலத்தில் சேர வேண்டும். அந்த அம்மாள் கழுத்துப் பட்டையை இரண்டு தடவை பிரித்துத் தைத்து, உள்ளே பட்டுத் துணி கொடுத்து, பட்டன் நுழைகிற ஐந்து காஜாவையும் கையாலேயே எடுத்து முடித்தார். பட்டன் மட்டும்தான் பாக்கி. மூவரும் கடைக்குப் போனார்கள். நம்மவர் ஒரு மரப் பட்டனைக் கையில் எடுத்தார். கவிழ்த்தார். தட்டினார்.

மனைவி அவசரமாக அவர் கையைப் பிடித்தார். "வேண்டாங்க, அஞ்சே அஞ்சு பட்டன். வாங்கிட்டுப் போயிடலாம்" என்றார்.

"அப்பா செஞ்சு குடுத்தா நல்லாத்தானேம்மா இருக்கும்?" என்று மகள் சொல்லிவிட்டாள். செல்லப் பெண். அவள் மனதார ஆசைப்பட்டுத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை போதாதா? அடுத்த வாரமே மகள் படித்துக்கொண்டிருந்த மேஜையின் மேல் சி.என்.சி. ரவுட்டர் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. கணினியில் நாம் என்ன வரைந்தாலும் அதைப் பிட் என்கிற சுழலும் கத்தியால் மரத்தில் செதுக்கித் தரும் இயந்திரம் அது. ஓட விட்டால் பல் டாக்டர் வீட்டுக்குள்ளேயே குடிவந்ததுபோலச் சத்தம் வரும்.

மனைவி ஒரு துண்டுத் தாளில் 'பட்டன் 22 மி.மீ.' என்று எழுதி இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டினார். அதோடு நிற்கவில்லை. மறுநாளே தனியாகக் கடைக்குப் போய் ஐந்து பட்டன் அடங்கிய பாக்கெட் ஒன்றை வாங்கிக் கைப்பையின் அடியில் போட்டுக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆயிற்றே, இதுகூடத் தெரியாதா?

முதல் ஞாயிற்றுக்கிழமை நம்மவர் பலகையின் மேல்மட்டம் எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்ல மறந்தார். அது சொன்ன பேச்சைத் தட்டாமல் பலகையைத் தாண்டி மேஜைக்குள் இறங்கிவிட்டது. இரண்டாம் ஞாயிறு பட்டன்கள் அழகாக வந்தன. ஆனால் அறுபட்டு முடிந்ததும் ஒவ்வொன்றும் விர்ரென்று பறந்தது. ஒன்று ஜன்னலில் பட்டது, ஒன்றை இன்றுவரை காணோம். பட்டனைப் பலகையோடு பிடித்துக்கொள்ள ஓரத்தில் மெல்லிய பாலம் விட வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை வீட்டிலிருந்த இருவருக்கும் தனித்தனியாக விளக்கினார். மூன்றாம் ஞாயிறு, பின்பக்கத்தையும் வளைவாகச் செதுக்கப் பலகையைத் திருப்பிப் போட்டபோது அது ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது. முன்பக்க ஓட்டை ஒரு திசையைப் பார்க்க, பின்பக்க ஓட்டை வேறு திசையைப் பார்த்தது. அதற்கப்புறம் வந்த ஏழு ஞாயிறும் பலகை நகர்ந்தது. நம்மவரோ நகரவில்லை. சமையலறை ஜாடியெல்லாம் பட்டன் நிறைந்தது, ஒன்றைப்போல ஒன்று இல்லாமல்.

"வெறும் வட்டமா போட்டாப் போதாதா?" என்று மனைவி கேட்டதற்கு அவர் அடிபட்டவர்போலப் பார்த்தார். பட்டனின் நடுவில் எட்டு இதழ்ப் பூ வேண்டும். பூ இல்லாவிட்டால் கடைப் பட்டனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாள் நெருங்கியது. திங்கட்கிழமை காலை மகள் வேலையில் சேர வேண்டும். ஞாயிறு மாலை நாலரை மணிக்கு அறைக்குள்ளிருந்து ஒரு கூச்சல். "வந்திருச்சு! அஞ்சும் வந்திருச்சு!"

உண்மையாகவே வந்திருந்தது. ஐந்து தேக்குப் பட்டன், ஐந்திலும் எட்டு எட்டு இதழ், ஓட்டையெல்லாம் நேர். மனைவியே ஓடி வந்து பார்த்தார். ஒன்றை வாங்கிக் கோட்டின் காஜாவில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. சாய்த்து நுழைத்துப் பார்த்தார். ஊஹூம்.

நம்மவர் அளவு நாடாவை எடுத்தார். முப்பது மில்லிமீட்டர். சின்ன வட்டத்தில் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று கணினித் திரையில் வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பெரிதாக்கியிருந்தார். திரையில் பார்த்தால் எல்லாப் பட்டனும் ஒரே அளவாகத்தானே தெரியும்! கண்ணாடி வில்லையில் அரை மில்லிமீட்டருக்கு வாடிக்கையாளரோடு சண்டை பிடிக்கிற மனுஷன் எட்டு மில்லிமீட்டரைக் கோட்டைவிட்டார்.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் மெதுவாக. "காஜாவைக் கொஞ்சம் பெருசா வெட்டிட்டா..."

மனைவி கோட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கைப்பையைத் திறந்து, பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.

பாக்கெட்டைப் பார்த்ததும் நம்மவருக்கு முகம் செத்துவிட்டது. மூன்று மாதமாக அது வீட்டிலேயே இருந்திருக்கிறது! அறைக்குள் திரும்பி இயந்திரத்தின் முன்னால் போய்ச் சும்மா நின்றார். மகளுக்கு ஒரு பட்டன் செய்து கொடுக்க வக்கில்லாமல் போய்விட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

மகள் உள்ளே வந்து அப்பா செய்த அந்த முக்காலியில், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்தாள். "பூ வேண்டாம்பா. வட்டமா ஒண்ணு, நாலு ஓட்டை. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"வெறும் வட்டத்துக்கு எதுக்கும்மா மெஷின்?"

"அதைத்தானேப்பா அம்மா மூணு மாசமா கேக்கறாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறை வாசல்வரை போய், "ஆறு மணி வரைக்கும் டைம் குடு" என்றார் மனைவியிடம். "அஞ்சே முக்கால்" என்றார் அந்த அம்மாள், ஊசியைக் கீழே வைக்காமல்.

பூ இல்லை, வளைவு இல்லை, பலகையைத் திருப்ப வேண்டிய வேலையும் இல்லை. பதினெட்டே நிமிடம். மகள் உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்தாள், அப்பா துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். ஐந்து பட்டன், இருபத்திரண்டு மில்லிமீட்டர். மனைவி ஒன்றை எடுத்துக் காஜாவில் நுழைத்தார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பாக்கெட்டைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டார். ஒவ்வொன்றாகத் தைத்து முடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் நம்மவர் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "நாலாவதில ஒரு ஓட்டை லேசா தள்ளியிருக்கு. கழட்டிக் குடு, பத்தே நிமிஷம்" என்று கையை நீட்டினார்.

"கையை எடுங்க" என்றார் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

மறுநாள் மாலை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து வாசலிலேயே காத்திருந்தார். மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "பட்டன் எப்படி இருந்துச்சு?" என்றார். வேலையைப் பற்றி அம்மாதான் கேட்டார்.

"பக்கத்து சீட் அக்கா பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்கப்பா."

"அடிப்பக்கமும் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. நகத்தால தட்டினாங்க. அப்புறம், 'இதை எதுக்கு வாங்கினே? வீட்டிலயே செஞ்சிடலாமே!'ன்னாங்க."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நம்மவரின் முகத்தில் விளக்குப் போட்டாற்போல் ஒரு வெளிச்சம். "அந்தம்மா எந்த பிட் வச்சிருக்காங்கன்னு கேட்டியாம்மா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். மேலே, மூன்றாம் ஞாயிறு பலகை நகர்ந்தது என்று படித்தீர்களே, அப்போது, 'அடியில் ரெண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டிருந்தால் நகர்ந்திருக்காதே, இதுகூடவா இந்த ஆளுக்குத் தெரியவில்லை, நானாக இருந்தால்...' என்று ஒரு கணம் நினைத்தீர்களா, இல்லையா? நினைத்தீர்கள் என்றால் ஒன்றும் பயமில்லை. உங்கள் வீட்டாரின் கைப்பைக்குள் மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள், அங்கே ஒரு பாக்கெட் ஏற்கெனவே இருக்கிறது.