கிருமியின் பூர்வீகம்

அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமியும் பிறந்ததில்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. இதை உறுதிசெய்யும் மேலான பொறுப்பு பதிவேட்டு எழுத்தரிடம் இருந்தது.

படிவத்தின் ஒன்பதாவது கட்டம், ‘கிருமியின் பூர்வீகம்’. நோயாளி சேர்ந்த இரண்டு நாளுக்குள் தொற்று தெரிந்தால் ‘இல்லம்’. அதற்குப் பின் தெரிந்தால் ‘வளாகம்’. வளாகம் என்று எழுதிவிட்டால் விசாரணை, விளக்கம், தலைகுனிவு. ஆகவே எழுத்தர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லா நோயாளிகளையும் இரண்டு நாளுக்கொருமுறை காகிதத்தில் வீட்டுக்கு அனுப்பி, அடுத்த நிமிஷமே திரும்பச் சேர்த்துக்கொண்டார். காலைத் தூக்கிக் கட்டி நாற்பது நாள் கிடந்த ஒரு லாரி ஓட்டுநர், புரண்டுகூடப் படுக்காமல் இருபது முறை வீட்டுக்குப் போய் வந்தார்.

‘தொற்றில்லா வளாகம்’ என்ற சான்றிதழ் வாசலில் தொங்கியது. எழுத்தர் தினமும் அதன் கண்ணாடியைத் துடைப்பார். கை கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலையல்ல.

அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். “நம்ம இடம், என்ன பயம்?” என்று அங்கேயே சேர்த்தார். அறுவை நன்றாக முடிந்தது. ஆறாம் நாள் காயத்தில் சீழ், காய்ச்சல் கொதித்தது. ஆய்வகத் தாள் வந்தது. பதினோரு மருந்துகளைக் கிருமி தின்று ஏப்பம் விட்டிருந்தது. பன்னிரண்டாவதற்கு மட்டும் அடங்கியது.

எழுத்தர் மருந்துக் கிடங்குக்கு ஓடினார்.

“அது வளாகக் கிருமிக்கு மட்டும்தான் சார். கண்டபடி கொடுத்தா கிருமி அதுக்கும் பழகிடும்” என்றார் மருந்தாளுநர். “நம்மகிட்டதான் வளாகக் கிருமியே கிடையாதே. தேவையில்லைன்னு போன வருஷமே திருப்பி அனுப்பிட்டோம். கடிதம் நீங்கதான் எழுதினீங்க. என்ன அழகான கையெழுத்து!”

கண்காணிப்பாளரிடம் போனார்.

“உங்க வீட்டம்மா எப்பச் சேர்ந்தாங்க?”

“ஆறு நாளாச்சுங்க ஐயா.”

“இன்னைக்குக் காலையிலன்னு பதிவேடு சொல்லுதே.”

“அது... நான் போட்டதுங்க.”

“அப்ப சரியாத்தான்யா இருக்கும்.”

விதிப்படி அன்று மதியமே மருத்துவமனை ஊழியர்கள் இரண்டு பேர் எழுத்தரின் வீட்டுக்குப் போய், கிருமியின் பூர்வீகத்தில் மூலை விடாமல் மருந்து தெளித்துவிட்டு வந்தார்கள்.

கட்டிலருகே உட்கார்ந்தார். மனைவியின் உதடு வெடித்திருந்தது.

“என்னங்க, நான் வீட்டுக்குப் போய்ட்டு வந்தேனாமே?”

“மூணு தடவை.”

“போனதுதான் போனேன், கொடியில கிடக்கற துணியையாவது எடுத்து வச்சிருக்க மாட்டேனா?”

சிரிக்கப் போனவள் வலியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை நெருப்பாகச் சுட்டது. எழுத்தர் எழுந்து போய்ப் பதிவேட்டைத் திறந்தார். ‘இல்லம்’ என்பதை அடித்து, பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக ‘வளாகம்’ என்று எழுதினார்.

“சான்றிதழ் போயிடும்யா!” என்று அலறினார் கண்காணிப்பாளர்.

“போகட்டும் ஐயா. காகிதத்துல போறதெல்லாம் அடுத்த நிமிஷம் திரும்பி வந்துடும்.”

சான்றிதழ் இறங்கியது. வேறொரு மருத்துவமனையிலிருந்து மருந்து வந்தது. காய்ச்சலும் இறங்கியது.

வீட்டுக்கு அனுப்பும்போது தலைமைச் செவிலி பதினான்கு நாளுக்கு மாத்திரை கொடுத்து, “நல்லாயிட்டாலும் நிறுத்தக் கூடாது, ஒண்ணுகூட விடக் கூடாது” என்று எழுத்தரிடம் மூன்று முறை சொன்னார். அவரும் மூன்று முறை தலையாட்டினார்.

எட்டாம் நாள் மனைவி எழுந்து துணி துவைத்தாள்.

“நல்லாத்தானே இருக்கே? எதுக்கு வீணா வயித்தைக் கெடுத்துக்கணும்?” என்றார் எழுத்தர்.

மீதி மாத்திரைகளை ஒரு தகர டப்பாவில் போட்டார். ஜலதோஷம் என்று வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, “பெரிய இடத்து மருந்துண்ணே” என்று இரண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஏதோ யோசனை வந்தது. நாளைக்கு இங்கே ஏதாவது கிருமி பழகிவிட்டால் பழி இந்த வீட்டின் மேல் விழக் கூடாதல்லவா?

டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘பூர்வீகம்: வளாகம்.’