ஜாவாவுக்குக் கொம்பு வராது

பதுளையில் ஒரு திணைக்களம். எது என்று சொன்னால் எனக்கு மாற்றல் வரும். 2005இல் அங்கே பிறப்புச் சான்றிதழ் அச்சடிக்கும் கம்பியூட்டருக்கு நான்தான் பொறுப்பு. ஜாவா என்ற கணினி மொழியின் பழைய பதிப்பில், 1.4இல், அது ஓடியது. நல்லாத்தான் ஓடும், தமிழ் எழுத்துக்குக் கொம்பு மட்டும் வராது.

கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து பெரியாயி வந்தார். மகள் ஜெயலெட்சுமிக்கு அடுத்த மாதம் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. சான்றிதழிலோ 'ஜயலட்சுமி'.

"பரீட்சைப் பத்திரத்துல ஒரு பேரு, இதுல ஒரு பேருன்னா வேல போயிருமுங்க."

பணிப்பாளர் சிவசுப்பிரமணியம் எரிந்து விழுந்தார். "என்ரை பெயர் எவ்வளவு நீளம்! ஒரு பிழையில்லாமல் வருகுது. உங்கடை மகளுக்கு மட்டும் என்ன, கொம்பே முளைச்சிருக்கு?"

"ஆமாங்க ஐயா, ரெண்டு இருக்கு. மொத எழுத்துக்கு ஒண்ணு, மூணாவதுக்கு ஒண்ணு."

ஜாவாவின் ஐந்தாம் பதிப்பில் கொம்பு வருகிறது என்று நானே சோதித்துப் பார்த்து, மாற அனுமதி கேட்டு எழுதினேன்.

"இந்த நாட்டிலை அரசகரும மொழி ரெண்டு. ஜாவாவை ஆர் சேர்த்தது?" என்றார் பணிப்பாளர்.

"கம்பியூட்டர் மொழிங்க சேர். மூணு வருஷமா அதுலதான் இருக்கோம்."

"அனுமதியில்லாமலோ?"

மேற்படி பாரதூரமான விடயத்தைத் தீர ஆராயும் பொருட்டுக் குழு அமைக்கப்பட்டது. களஞ்சியப் பொறுப்பாளர் காமில் மலாய்க்காரர். மலாய்க்காரரை ஊரில் ஜாவா ஆட்கள் என்பார்கள். ஆகவே அவர்தான் மொழி நிபுணர்.

"சேர், எனக்கு கம்பியூட்டர ஓன் பண்ணவும் தெரியாது" என்றார் காமில், பாவம்.

"நல்லது, பக்கச்சார்பு இராது." பணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். "ரமேஸ், 1.4க்குப் பிறகு ஐந்து என்றால் இடையிலை இருந்த ரெண்டு, மூன்று, நாலு எங்கை?"

"பேர அப்படி மாத்திட்டாங்க சேர். நடுவுல எதுவும் இல்ல."

"காணாமல் போன மூன்றும் கிடைக்கும்வரை ஐந்தைப் பொறுப்பேற்க ஏலாது."

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் நாலு நாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. காமில்தான் வழி சொன்னார். பதிப்பை மாற்றுவதைவிட ஆளின் பெயரை மாற்றுவது லேசு. தன் பெயரில் கொம்பே கிடையாது, பரீட்சைக்காரர் போட்டதுதான் பிழை என்று ஜெயலெட்சுமி சத்தியக் கடதாசி கொடுத்தாள். வேலை கிடைத்தது.

"நான் வச்ச பேருங்க, வயிறெரியுது" என்று பெரியாயி வாசலில் நின்று அழுதார்.

அதற்குள் சங்கதி தோட்டமெல்லாம் பரவிவிட்டது. கொம்பில்லாத பெயர் வைத்தால் அரசாங்க வேலை நிச்சயமாம். தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் ரமா, உமா, விமலா என்று பிறந்தார்கள். ஆறு மாதம் கழித்துக் குழு அறிக்கை தந்தது: "கொம்பு குறித்து எவ்வித முறைப்பாடும் கிடைக்கவில்லை. ஆதலால் புதிய பதிப்பு அவசியமற்றது."

அடுத்த வாரம் எனக்கு மகள் பிறந்தாள். மேகலா என்று வைக்க மனைவிக்குக் கொள்ளை ஆசை. நான் கமலா என்று பதிந்துவிட்டு, ராசி பார்த்து வைத்தது என்று வீட்டில் சொன்னேன்.