மேலக்கரை ரகக் கப்பல்

"அந்த வார்த்தைய இனிமே இந்த ஆபீஸுக்குள்ள சொல்லாதீங்கம்மா."

"எந்த வார்த்தைய சார்?"

"பரிசல்."

"பரிசலப் பரிசல்னு சொல்லாம வேற என்னன்னு சார் சொல்றது?"

"பல்நோக்குக் கடற்படை ஆதரவுக் கப்பல். சொல்லிப் பாருங்க, வாய் நெறையுதா இல்லையா?"

"வாயும் நெறையுது, வயிறும் நெறைஞ்சிருக்கு சார். அஞ்சு மாசம். கார்த்திகையில நாள் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் பரிசல் கேக்குறேன்."

கடல் இருக்கும் இடத்தில் கப்பல் கட்டுவது ஒரு சாதனையே அல்ல. தண்ணீரைப் பார்த்தவனுக்கு அந்த ஆசை தானாக வரும். கடலே இல்லாத இடத்தில், அதுவும் ஆடி மாதத்தில், வறண்டு வெடித்த கண்மாயைப் பார்த்துக்கொண்டு, கடற்படைக்கென்றே ஒரு புதிய ரகத்தை உருவாக்கிய மேதைமை மனித குலத்தில் ஒரே ஓர் அலுவலகத்துக்குத்தான் வாய்த்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டுதான். ஆனால் அது கிழக்கே, இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒரு தூக்கமும் போட்டு எழுந்தால் வரும். இது மேற்கே, குன்றாண்டார்கோவிலுக்கும் அப்பால், பாறையும் சீமைக்கருவேலமுமான பூமி. இங்கேதான் 'கண்மாய்ப் போக்குவரத்து மேம்பாட்டுப் பிரிவு' மூன்று அறைகளிலும் ஓடாத ஒரு மின்விசிறியிலும் இயங்கிக்கொண்டிருந்தது.

வார்த்தையைத் தடைசெய்தவர் அதன் அலுவலர் அடைக்கலசாமி. மனுவோடு நின்றவள் மேலக்கரைப்பட்டி கலைமதி. அந்த ஊரில் முப்பது வீடுகள். மழை வந்து கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக உபரி நீர் பாயும். பாய்ந்தால் பாதை போய்விடும். பத்து நாளோ பதினைந்து நாளோ, ஊர் தனித் தீவு. அப்போதெல்லாம் மீன் குத்தகைக்காரருடைய ஓட்டைப் பரிசல் ஒன்றுதான் கதி. அதை மாற்றி நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்பதுதான் மனு.

இந்தத் தடைக்கெல்லாம் காரணம், சற்று முன்பு அவள் மனுவைச் சொல்லக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பால்ராஜ். ஆவூர்க்காரர். ஒரு விண்ணப்பத்தில் பச்சை மைக் கையெழுத்து வாங்குவதற்காக வந்தவர், காத்திருந்த அலுப்பில் வாயைத் திறந்ததுதான் வரலாறு. தான் பதினேழு வருஷம் கடற்படையில் இருந்ததையும், போர்க்கப்பல்களுக்கு எண்ணெயும் அரிசியும் மருந்தும் சுமந்துபோகும் பல்நோக்கு ஆதரவுக் கப்பல் ஒன்றில் வேலை பார்த்ததையும் சொன்னார். அதில் அவர் இருந்த இடம் சமையற்கட்டு. அதை அவர் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

"ஒரே கப்பல்ல அம்புட்டும் இருக்குமா?" என்றார் அடைக்கலசாமி.

"ஆஸ்பத்திரி இருக்கும், சரக்கு அடுக்கக் கிட்டங்கி இருக்கும், ஹெலிகாப்டர் எறங்குற தளம் இருக்கும். அதோட, நேவில ஒரு கப்பலா யோசிக்க மாட்டாங்க சார். ஒரு ரகமா யோசிப்பாங்க. மொதக் கப்பலுக்கு என்ன பேரோ, பின்னாடி வர்ற பத்துக்கும் அதுதான் ரகப் பேரு."

அடைக்கலசாமியின் கண்கள் ஈரமாயின. பதினொரு வருஷமாக அவர் படித்துறைகளுக்கு மராமத்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு ரகத்துக்குத் தகப்பனாகலாம் என்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

கையெழுத்துக்கு வந்த பால்ராஜ், 'கௌரவக் கடற்படை ஆலோசகர்' ஆகி வீடு திரும்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நாலு பேர் அவரை நிறுத்திக் கைகொடுத்தார்கள். பதினேழு வருஷம் கடலில் மிதந்தபோது ஒருவரும் கொடுக்காத கை அது. அதன் சூடு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எந்தப் பெரிய வளர்ச்சியும் ஆய்வில் தொடங்குகிறது. ஆய்வுக்கு ஒரு மாதிரி வேண்டும். குத்தகைக்காரரின் பரிசலை மேற்பார்வையாளர் பிரவீன்குமார் குட்டி யானை வண்டியில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். வரைபடம் ஒப்புதலாக வேண்டுமானால் 'குறுக்குவெட்டுத் தோற்றம்' இணைக்க வேண்டும் என்பது விதி. பிரவீன்குமார் விதியை மதிப்பவர். மரக்கடையில் ரம்பம் இரவல் வாங்கி வந்து பரிசலைச் சரிபாதியாக அறுத்தார். தோற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"இருந்த ஒண்ணையும் அறுத்துப்புட்டீங்களே!" என்று வந்து கத்தினான் கலைமதியின் புருஷன் கண்ணன்.

"ஒண்ணு இருந்துச்சு. இப்ப ரெண்டு இருக்கு. இதத்தான் வளர்ச்சின்னு சொல்றது," என்றார் அடைக்கலசாமி.

ஆவணியில் துறைகளின் கூட்டம் நடந்தது. பல்நோக்கு என்றால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு நோக்காவது இருக்க வேண்டுமல்லவா? சுகாதாரத்துக்கு ஒரு பிரசவ அறை. உணவு வழங்கலுக்கு எலி புகாத கிட்டங்கி. கால்நடைக்கு, மாடு தனி ஆடு தனியாக இரண்டு தொழுவம். ஹெலிகாப்டர் தளம் மட்டும் நீண்ட விவாதத்துக்குப் பின், மருந்து தெளிக்கும் டிரோன் இறங்கும் தளமாகச் 'சிக்கனப்படுத்தப்பட்டது'. மீன்வளத்தில் இருந்து வந்தவர் மட்டும் கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மீனுக்கு உள்ள என்ன வசதி?"

"மீன் வெளியதான சார் இருக்கும்? தண்ணியில?" என்றார் பால்ராஜ்.

"அப்ப எங்க துறைக்கு இந்தத் திட்டத்துல எடமில்லன்னு எழுதிக்கலாமா?"

கப்பலுக்குள் ஒரு மீன் தொட்டி சேர்க்கப்பட்டது.

அதன் பிறகுதான் கணினி. மதிப்பீடு எதுவானாலும் கணினியில் ஏற்றினால்தான் செல்லும். 'பணியின் வகை' என்ற இடத்தில் சாலை, பாலம், கட்டடம், கழிப்பறை என்று நான்கு மட்டுமே இருந்தன.

"கப்பல்னு இல்ல சார்," என்றார் பிரவீன்குமார்.

"பாலம்னு போட்டா?"

"ரெண்டு கரை அளவும் கேக்கும் சார். அந்தக் கரைக்கு நம்ம யாரும் போனதில்ல."

"அப்பக் கட்டடம்னு போடு. அறை இருக்கு, கூரை இருக்கு. பெறகென்ன?"

அந்த ஒரு சொடுக்கில் உலகக் கப்பல் கட்டும் கலை புதிய திசையில் திரும்பியது. அரசுக் கட்டடம் என்றால் அஸ்திவாரம் வேண்டும். கணினி ஆழத்தைக் கேட்டது, நாலரை அடி என்று கொடுக்கப்பட்டது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும், கைப்பிடியோடு கொடுக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, மழைநீர் சேகரிப்பு. கூரைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு பூமிக்குள் போக வேண்டும்.

பால்ராஜ் அன்று வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையற்காரரேயானாலும் பதினேழு வருஷம் தண்ணீருக்கு மேலே தூங்கியவர். கப்பலைப் பற்றி அவருக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால், அதன் அடியில் ஓட்டை இருக்கக் கூடாது என்பதுதான். மறுநாள் போய்ச் சொன்னார்.

"சார், அடியில ஆறு இஞ்சுல ஓட்டை வருதே?"

"வரணும்ங்க. மழைநீர் சேகரிப்பு இல்லாத கவர்மெண்டுக் கட்டடம் தமிழ்நாட்டுல ஒண்ணு காமிங்க பாப்போம்."

"இல்ல சார், தண்ணி உள்ள வந்துருமே?"

"சேகரிப்புன்னா வேற என்ன?"

பால்ராஜ் மறுபடி வாயைத் திறந்தார். அந்த நேரம் பிரவீன்குமார் அடிக்கல்லின் மாதிரியை மேசைமேல் விரித்தார். நேவியில் கப்பலுக்கு முதல் இரும்பு வைப்பார்கள் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார்; இங்கே வழக்கப்படி கருங்கல் வைப்பதாக முடிவாகியிருந்தது. கல்லில் 'மேலக்கரை ரகம் – முதற்கப்பல்' என்றும், அதன்கீழ் பதினான்கு பெயர்களும் இருந்தன. நான்காவது பெயர்: கௌரவக் கடற்படை ஆலோசகர் திரு. பால்ராஜ், ஆவூர்.

"எழுத்துத் தங்கக் கலர்ல வருது," என்றார் பிரவீன்குமார்.

பால்ராஜ் வாயை மூடிக்கொண்டார். நிபுணர்களின் மௌனம் இல்லாமல் எந்தத் திட்டமும் நிறைவேறுவதில்லை.

புரட்டாசியில் கலைமதி வந்தாள். கோப்பும் வளர்ந்திருந்தது, வயிறும் வளர்ந்திருந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் கெடு இருந்தது. கண்மாய்க்கு இந்தக் கரையில், கலிங்குக்குப் பக்கத்தில், கிரில் பட்டறைக்காரர்கள் தகடு பற்றவைத்துக்கொண்டிருந்த இடத்தில் பால்ராஜைப் பிடித்தாள்.

"பெரியப்பா, இது நகருமா?"

"நகராம? கப்பல்மா!"

"இல்ல, காங்கிரீட்ல நிக்குதே."

"அது... நிலைப்புத் தன்மைக்கு."

"நர்ஸம்மா ஐப்பசியிலேயே புதுக்கோட்டைக்கு வந்து ஆஸ்பத்திரிப் பக்கமா ரூம் எடுத்துத் தங்கச் சொல்றாங்க. தங்கவா? நீங்க நேவில இருந்தவங்க. நீங்க சொன்னாச் சரி."

வானம் வெளுத்துக் கிடந்தது. கல்லின்மேல் தங்க எழுத்து பளபளத்தது. பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு, ஆலோசகர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள்.

"எதுக்கும்மா அங்க போய் அல்லாடணும்?" என்றார் பால்ராஜ். "நம்ம கப்பல்லயே பிரசவ ரூம் இருக்கு. கட்டில் போட்டாச்சு."

"அப்ப வீட்லயே இருக்கேன்," என்று கலைமதி போனாள். பின்னாலேயே அலுவலகத்தில் இருந்து கடிதமும் போயிற்று: 'கப்பல் குறித்த காலத்தில் சேவைக்கு வரும் எனவும், மனுதாரர் பதற்றமடையத் தேவையில்லை எனவும் தெரிவிக்கப்படுகிறது.' கப்பல் குறித்த காலத்திலேயே சேவைக்கு வந்தது. இந்த வாக்குறுதியில் ஒரு சொல்கூடப் பொய்க்கவில்லை என்பதைக் குறைகாண்பவர்கள் கவனிக்க வேண்டும்.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள், காலை பத்தரை மணி நல்ல நேரத்தில் அர்ப்பணிப்பு விழா. ஐந்து நாள் மழை. கண்மாய் நிறைந்து, கலிங்கு முழங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே எழுபது அடி அகலத்துக்குச் செம்மண் தண்ணீர் ஓடியது. சாய்தளத்தில் சிவப்புக் கம்பளம், கம்பளத்தில் குடைகள்.

நேவியில் கரையோரம் நிற்கும் எந்தக் கப்பலையும் கட்டாமல் விடமாட்டார்கள் என்று பால்ராஜ் சொல்லியிருந்ததால், நாலரை அடி காங்கிரீட்டில் நின்ற அந்தக் கப்பல், நூற்றைம்பது அடி நைலான் வடத்தால் கரைப் புளியமரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. கை பருமன், புத்தம் புது மஞ்சள் வடம். முடிச்சு மட்டும் அசல் நேவி முடிச்சு. அதை பால்ராஜே போட்டிருந்தார். மொத்தத் திட்டத்தில் பிழையில்லாமல் செய்யப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

அடைக்கலசாமி ரிப்பனை வெட்டினார். அடித்தட்டின் ஆறு அங்குல ஓட்டை வழியாகத் தண்ணீர் கொப்பளித்து ஏறி, பிரசவ அறைக்குள் புகுந்து, கட்டிலை மிதக்கவிட்டது. மேலக்கரை ரகத்தில் அன்று மிதந்தது கட்டில் மட்டுமே.

"உள்ளயும் தண்ணி, வெளியயும் தண்ணி. ரெண்டும் ஒரே மட்டம்," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் அடைக்கலசாமி. "இவ்வளவு வெள்ளத்திலும் ஓர் அங்குலம்கூட அசையாத கப்பல் உலகத்தில் வேறெங்காவது உண்டா?" கைதட்டல் எழுந்தது. இரண்டாவது கப்பலுக்கு முன்மொழிவு அனுப்புவதென அங்கேயே தீர்மானமாயிற்று.

அப்போதுதான் அந்தக் கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். நாலு பேர் தோளில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல் பாலித்தீன் தாள். தாளுக்குள் கலைமதி. சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே விடியற்காலையில் வலி கண்டிருந்தது.

"மாமா!" கண்ணன் பால்ராஜைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினான். "தண்ணி நெஞ்சு மட்டந்தான்! இழுப்புதான் தாங்கல! மாட்டுக் கயித்த எல்லாம் முடிஞ்சு பாத்தோம், அந்துபோச்சு! புடிச்சுக்கிட்டு வர ஏதாச்சும் இருந்தா வந்துருவோம்!"

இந்தக் கரையில் நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. விழாவுக்கு வந்த பிரமுகர்களின் பாதுகாப்புக்காக.

பால்ராஜ் புளியமரத்தை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அடைக்கலசாமி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க, இருங்க. போட்டோ எடுக்குறாங்க. கட்டின கப்பலோடதான் போட்டோ வரணும். வடம் அளவெடுத்து அறிக்கையில ஏறியிருக்கு. அவுக்கணும்னா மேலிடத்துக்கு எழுதித்தான் அவுக்கணும். நீங்க ஆலோசகர், ஒங்களுக்குத் தெரியாததா?"

"பிள்ளைத்தாச்சி சார்."

"அதுக்குத்தான் கப்பல்லயே ரூம் வச்சிருக்கோமே. அவங்கள வரச் சொல்லுங்க. நாம வேண்டாம்னா சொல்றோம்?"

புகைப்படக்காரர் கையை உயர்த்தினார். "நேவி சார், அங்கிட்டுப் பாக்காதீங்க. இங்கிட்டுப் பாருங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

பால்ராஜ் இங்கிட்டுப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கலிங்கின் இரைச்சல். அதையும் கிழித்துக்கொண்டு, பல்லைக் கடித்து வலியை ஒதுக்கிவிட்டு வந்த குரல் கண்ணனுடையது அல்ல.

"பெரியப்பா! எனக்குக் கப்பல் வேணாம், ரூமும் வேணாம்! அது எங்கிட்டும் ஓடிறக் கூடாதுன்னு மரத்துல கட்டிப் போட்டிருக்கீங்கல்ல, அந்தக் கயித்தையாச்சும் அவுத்து இங்கிட்டு எறிங்க பெரியப்பா!"